மளிகைக்கடைக்காரரின் கணக்கு

ஜூலை 12, வெள்ளி

அம்மா படுத்த பிறகு ‘தி ஸ்பை ஹூ கேம் இன் ஃப்ரம் தி கோல்ட்’ படத்தைப் போட்டேன். ஜான் லே காரே 1963இல் எழுதிய நாவலை மார்ட்டின் ரிட் 1965இல் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். பெர்லின் சுவர், நள்ளிரவு, சோதனைச் சாவடி. கிழக்கிலிருந்து வரவேண்டிய ஆளுக்காக ரிச்சர்ட் பர்ட்டன் காத்திருக்கிறார். டியூப்லைட் திரையில் நீளக் கோடாக விழுந்து பாதிச் சுவரை மறைத்தது. எழுந்து அணைத்துவிட்டு உட்காருவதற்குள் சைக்கிளில் வந்தவனைச் சுட்டுவிட்டார்கள். பின்னால் ஓட்டி மறுபடி பார்த்தேன். அவ்வளவுதான், தூக்கம் சொக்கியது.

ஜூலை 13, சனி

இன்று அப்பாவும் வந்து உட்கார்ந்தார். முதல் இருபது நிமிடக் கதையைச் சொன்னேன், பாதியில் கையமர்த்திவிட்டார்.

பர்ட்டன் நடிக்கும் லீமஸ் என்ற அந்த ஒற்றன் வேலை போனவனைப் போல நடிக்க வேண்டும். குடிக்கிறான், சீரழிகிறான். எதிரிகள் அவனை விலைக்கு வாங்க வரவேண்டும் என்பதற்காக இவ்வளவும். ஒருநாள் மளிகைக்கடையில் கடன் கேட்கிறான். கடைக்காரர் மறுக்கிறார். விழுகிறது ஒரு குத்து. லீமஸ் சிறைக்குப் போகிறான்.

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். முப்பத்தொரு வருடம் கடை வைத்திருந்தவர். “கடன் கேட்க வருகிறவன் முதலில் சரக்கையெல்லாம் கட்டச் சொல்வான். பொட்டலம் கைக்குப் போன பிறகுதான் வாயைத் திறப்பான்” என்றார். எங்கள் கடையில் குடிகாரன் ஒருவன் தராசைத் தள்ளிவிட்டதும், இரண்டு கிலோ படிக்கல் அப்பாவின் கால் பெருவிரலில் விழுந்ததும் எனக்கும் நினைவிருக்கிறது. அந்த நகம் இன்றும் கோணல்தான்.

கடைக்காரராக நடித்த பெர்னார்ட் லீதான் ஜேம்ஸ் பாண்ட் படங்களில் பாண்டுக்கே உத்தரவு போடும் ‘எம்’ என்று என் மேதாவித்தனத்தைக் காட்டினேன். அப்பா அதைக் காதிலேயே வாங்கவில்லை.

“அந்தக் குத்து நிஜமா, நடிப்பா?”

“கதைப்படி நடிப்பு அப்பா. எதிரி நம்ப வேண்டுமே.”

“அடித்தவனுக்கு நடிப்பு. வாங்கினவருக்கு?”

பதில் சொல்வதற்குள் மின்சாரம் போய்விட்டது.

ஜூலை 15, திங்கள்

நேற்று விருந்தாளிகள். இன்று முடித்துவிட்டோம். முடிவை எழுதப்போகிறேன், பார்க்காதவர்கள் இங்கேயே நின்றுகொள்ளலாம்.

கிழக்கு ஜெர்மன் உளவுத்துறையின் முண்ட் என்ற கொடியவனை ஒழிக்கத்தான் லீமஸை அனுப்பினார்கள் என்று அவனும் நம்பினான், நாங்களும் நம்பினோம். முண்ட் பிரிட்டனின் ஆளேதான். அவனைச் சந்தேகித்த, அவனுக்குக் கீழே வேலை பார்த்த ஃபீட்லரைக் கவிழ்க்கத்தான் இந்த நாடகமெல்லாம். ஃபீட்லர் யூதர், நேர்மையானவர், படத்திலேயே எனக்குப் பிடித்த ஆள். அவராக நடித்த ஆஸ்கார் வெர்னர் அந்த விசாரணை அறையில் தன் கட்சி தோற்பதை உணரும் இடத்தில் அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நூலகத்தில் வேலை பார்க்கும் ‘நான் பெரி’ (Nan Perry) என்ற பெண் லீமஸை நேசித்தவள். அவளையும் லண்டனிலிருந்து வரவழைத்துச் சாட்சிக் கூண்டில் நிறுத்தி, அவள் வாயாலேயே அவனைக் கெடுக்கிறார்கள். அவள் உண்மையைத்தான் சொல்கிறாள். அதுதான் தாங்க முடியவில்லை.

கடைசியில் சுவர். இருவரும் ஏறுகிறார்கள், அவளைச் சுடுகிறார்கள். மேற்கிலிருந்து குதிக்கச் சொல்லிக் குரல் கேட்கிறது. லீமஸ் கிழக்குப் பக்கமே இறங்குகிறான். அந்தச் சுவர் டப்ளினில் போட்ட செட் என்பது நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

விளக்கைப் போட்டேன். அப்பா தன் கால் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“தராசைத் தள்ளினானே, அவன் அன்றைக்கு உண்மையிலேயே குடித்துத்தான் இருந்தானா?”