வெறும் சாக்கின் எடை

எங்களுக்கு ரெண்டே கால் ஏக்கர், திருவண்ணாமலை மாவட்டத்தில். மானாவாரி மணிலா, அதாவது நிலக்கடலை. சேத்துப்பட்டு ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்குக் கொண்டுபோகலாம்தான். பத்து மூட்டைக்கு வண்டி வாடகை கட்டுப்படியாகாது. அதனால் களத்திலேயே வியாபாரிக்குப் போட்டுவிடுவோம்.

2021-இல் ஒரு தொண்டு நிறுவனத்தார் வந்து, விவசாயிகளே பங்கு போட்டு நடத்தும் உழவர் உற்பத்தியாளர் கம்பெனி ஆரம்பிக்கலாம் என்றார்கள். "லோன் எப்ப வரும்?" என்றார் சித்தப்பா. லோன் இல்லை என்றதும் பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள்.

மீதிப் பேரை உட்கார வைத்தது அவர்கள் கொண்டுவந்த எலக்ட்ரானிக் தராசு. வியாபாரி மூட்டைக்கு ரெண்டு கிலோ கழிப்பது எங்கள் பக்க வழக்கம்; சாக்குக்கு ஒன்று, தூசிக்கு ஒன்று. களப்பணிக்கு வந்த பெண் வெறும் சாக்கை மடித்துத் தராசில் வைத்தது. முக்கால் கிலோகூட வரவில்லை. சித்தப்பா சாக்கை எடுத்து உதறி, மறுபடி வைத்துப் பார்த்தார்.

சட்டப்படி பத்து விவசாயிகள் இருந்தாலே பதியலாம். ஆனால் 2020-இல் வந்த மத்திய அரசுத் திட்டத்தில் சேர சமவெளியில் 300 பேர் வேண்டியிருந்தது. நாங்கள் போடும் பங்குத்தொகைக்கு ஈடாக ஆளுக்கு 2,000 ரூபாய் வரை மானியம். ஒரு கம்பெனிக்கு 15 லட்சம்தான் உச்சவரம்பு. வீடு வீடாக ஏழு மாதம் அலைந்தோம். ஆதாரில் ஒரு இனிஷியல், பான் கார்டில் வேறு. ஓடிபி பெங்களூரில் இருக்கும் மகன் போனுக்குப் போகும். அவன் நைட் ஷிஃப்ட் முடிந்து தூங்கிக்கொண்டிருப்பான்.

முதல் விற்பனையிலேயே அடி. எண்ணெய் ஆலைக்கு நேராக 60 மூட்டை அனுப்பினோம். ஈரப்பதம் எட்டு சதவீதத்துக்குள் இருக்க வேண்டும்; மீட்டர் பதினொன்று காட்டியது. விலையைக் குறைத்துவிட்டார்கள். நஷ்டத்தை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள் என்று தொண்டு நிறுவனத்தாரிடம் கேட்டோம். முடியாது என்றார்கள். எனக்கு அன்று வந்த கோபம் கொஞ்சமில்லை. பயிற்சி என்ற பேரில் பாதி நாள் பவர்பாயின்ட் ஓட்டத் தெரிகிறது, இதற்கு வழியில்லையா?

கடைசியில் பங்குப் பணத்தில் ஈரப்பத மீட்டர் வாங்கினோம். காயைக் காதருகே குலுக்கி, கடகடவென்றால் காய்ந்துவிட்டது என்பது எங்கள் கணக்கு. மீட்டர் அதை மதிக்கவில்லை. அடுத்த அறுவடையில் சித்தப்பா கொண்டுவந்த லோடையே நான் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று. ஒரு வாரம் பேசவில்லை.

இப்போதும் உறுப்பினர்களில் பாதிக்குமேல் வியாபாரிக்கே போடுகிறார்கள். விதைக்கும் உரத்துக்கும் முன்பணம் தருவது அவர்தான். கம்பெனியிடம் அதற்குப் பணம் இல்லை. சித்தப்பாவும் அவருக்குத்தான் போடுகிறார். ஆனால் எடை போடும் அன்று காலையில் வந்து, கம்பெனித் தராசை இரவல் வாங்கிக்கொண்டு போவார்.