மலைக்கு முளைத்த தாடி: பிள்ளைகள் அறைச் சுவர், மூன்றாம் முயற்சி

சில நாட்களுக்கு முன் ஒரு மாலை, பெயின்ட் அடிப்பதற்காகச் சுவரில் ஒட்டியிருந்த மாஸ்கிங் டேப்பை உரித்தபோது, இரண்டு நிறங்களுக்கு நடுவே பிளேடால் கீறியது போல் கோடு சுத்தமாக வந்தது. மூன்றாவது தடவை. வீட்டில் எல்லோரிடமும் இரண்டு முறை காட்டியாகிவிட்டது. இனி கேட்க ஆளில்லாததால் இங்கே எழுதுகிறேன்.

பிள்ளைகள் அறையில் கட்டில் பக்கத்துச் சுவர் முழுக்க மலைகள். படம் மகளுடையது. தூரத்து மலை வெளிர்நீலம், நடு மலை அதைவிட ஒரு படி அடர்த்தி, பக்கத்து மலை கரும்பச்சை. ஐந்து வயது மகனுக்கு ஒரே ஒரு நிபந்தனை: நிலா இருக்க வேண்டும். சுவரைச் சமமாக்கப் பட்டி மாவு பூசியது, உப்புத்தாள் போட்டது, அடிப்பூச்சாகப் பிரைமர் அடித்தது எல்லாம் உங்களுக்குத் தெரிந்த கதைதான். அதில் ஓரிடத்தில் மட்டும் சோம்பேறித்தனம் செய்தேன். அதற்குக் கூலி பிறகு கிடைத்தது.

முதல் தடவை டேப்பை ஒட்டி, விரலால் நீவிவிட்டு, நீலத்தை ரோலரில் அடித்தோம். உரித்துப் பார்த்தால் கோடு நெடுக மயிர் மயிராகக் கசிவு. “அம்மா, மலைக்குத் தாடி முளைச்சிருக்கு” என்றான் சின்னவன். பெரியவளுக்குக் கண் கலங்கிவிட்டது. “தூரத்துல இருந்து பார்த்தா தெரியாது” என்றார் கணவர். எவ்வளவு தூரம் என்று கேட்டேன், பதில் இல்லை.

ரோலர் ஓடிய சுவர் பார்க்க வழவழப்பாக இருந்தாலும் தடவினால் புள்ளி புள்ளியாக மேடு பள்ளம் தெரியும். டேப் மேட்டில் ஒட்டும், பள்ளத்தில் ஒட்டாது. தண்ணீர் கலந்த எமல்ஷன் பெயின்ட் கசிய அந்தச் சந்து போதும். ரோலரைத் தட்டில் நன்றாக உருட்டி வடிக்காமல் சொட்டச் சொட்ட எடுத்தால் கேட்கவே வேண்டாம். அன்று ரோலர் பிடித்தது யார் என்று சொல்லமாட்டேன், வீட்டில் சமாதானம் நிலவுகிறது.

இரண்டாம் தடவை ஒரு பழைய பிளாஸ்டிக் அட்டையால் டேப்பின் ஓரத்தை அழுத்து அழுத்தென்று அழுத்தினேன். கசிவு குறைந்தது உண்மைதான். ஆனால் பிள்ளைகள் தூங்கிவிட்டார்களே, காலையில் அவர்களோடு சேர்ந்து உரிக்கலாம் என்று ராத்திரி முழுக்க அப்படியே விட்டுவிட்டேன். அதற்குள் டேப்பையும் சுவரையும் சேர்த்து ஒரே தோலாகப் பெயின்ட் காய்ந்துவிட்டது. இழுத்ததும் கோடு பல் பல்லாகக் கிழிந்தது. ஓரிடத்தில் உள்ளங்கை அகலத்துக்குப் பட்டியே பெயர்ந்து கையோடு வந்தது. சோம்பேறித்தனம் என்றேனே, அது இந்த இடம்தான்: உப்புத்தாள் போட்ட பிறகு தூசியை ஈரத்துணியால் துடைக்காமல் பிரைமர் அடித்திருந்தேன். பிரைமர் பிடித்துக்கொண்டது தூசியை, சுவரை அல்ல. இப்போதெல்லாம் பெயின்ட் தொடும் முன் ஒரு துண்டு டேப்பைச் சுவரில் ஒட்டி இழுத்துப் பார்க்கிறேன். பின்பக்கம் மாவு ஒட்டியிருந்தால் துணி, வாளி, மறுபடி துடைப்பு.

சரி, மூன்றாம் தடவை என்ன மாறியது? டேப் ஒட்டியதும் நேராக நீலத்துக்குப் போகவில்லை. டேப்புக்குக் கீழே இருக்கும் நிறம் எதுவோ, எங்களுக்கு வானத்தின் வெள்ளை, அதையே சின்னப் பிரஷால் ஓரம் முழுக்க மெல்லிசாக ஓட்டினோம். கசிய வேண்டியதெல்லாம் வெள்ளையாகவே கசிந்து சந்துகளை அடைத்துக்கொண்டது. வெள்ளை மேல் வெள்ளை, யார் கண்ணுக்குத் தெரியப்போகிறது! அது காய்ந்த பிறகுதான் நீலம், இரண்டு பூச்சு. இரண்டாவது பூச்சு தொட்டால் பிசுக்கென்று இருக்கும்போதே, டேப்பை அதன் மேலேயே மடக்கி, சாய்வாக, மெதுவாக இழுத்தோம். மகள் இழுத்தாள், தம்பி எண்ணினான். எழுபத்தி ஒன்பதுக்குப் பிறகு அவனுக்கு எண்பது வரவில்லை, மறுபடி எழுபதில் ஆரம்பித்தான்.

அடுத்த மலைக்கு டேப் புது நீலத்தின் மேல் உட்கார வேண்டும். தொட்டால் காய்ந்தது போலத்தான் இருக்கும், நம்பாதீர்கள். குறைந்தது ஒரு முழு நாள் விடுகிறேன். எமல்ஷன் உள்ளுக்குள் முழுசாக இறுகச் சில வாரங்கள் ஆகும். இந்த முறை ஓரத்தில் ஓட்ட வேண்டியது நீலம், வெள்ளை அல்ல. அவசரத்தில் வெள்ளை டப்பாவைத் திறந்துவிட்டேன், மகள்தான் பிடித்தாள்.

மாஸ்கிங் டேப் பிறந்ததே இந்த வம்புக்காகத்தான். இரண்டு நிறக் கார்களுக்குக் கோடு சுத்தமாக வராமல் பெயின்டர்கள் திண்டாடியதைப் பார்த்து, 3எம் நிறுவனத்தின் ரிச்சர்ட் ட்ரூ 1925-இல் உருவாக்கினார். நூறு வருஷம் ஆகியும் தாடி பிரச்சினை என் வீட்டுக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

ரோலர் பற்றி ஒரு புலம்பல். மலிவு ரோலர் முதல் நாள் முழுக்க முடி கொட்டும், காய்ந்த பிறகு ஒவ்வொன்றாகப் பிடுங்க வேண்டும். புது ரோலரை அலசி, காயவைத்து, டேப்பை ஒட்டி உரித்து எடுத்தால் பாதிக்குமேல் போய்விடுகிறது. சுவருக்குக் குட்டை முடிதான் நல்லது. இன்னொன்று: நீலம் இரண்டு டப்பா வாங்கியிருந்தால் இரண்டையும் ஒரே வாளியில் கலந்துவிடுங்கள். டப்பாவில் நிற நம்பர் ஒன்றாக இருந்தாலும் நிறம் துளி மாறலாம். சுவரின் நடுவில்தான் அது தெரியவரும்.

பெயர்ந்த உள்ளங்கை இடத்தைப் பட்டி பார்த்து, பிரைமர் வைத்து, பிரஷால் ஒத்தினேன். வெயில் சாய்வாக விழும்போது தனியாகத் தெரிகிறது, சுற்றிலும் இருப்பது ரோலர் தடம் அல்லவா. சின்ன ரோலரால் திரும்ப ஓட்ட வேண்டும். இல்லையென்றால் நிலாவை அங்கேயே வைத்துவிடலாம் என்கிறான் மகன். மலைக்கு நடுவில் நிலாவா என்று அக்காவுக்கும் தம்பிக்கும் இன்னும் பேச்சுவார்த்தை நடக்கிறது.

இதற்குள் கூரைக்கு இருட்டில் ஒளிரும் நட்சத்திரம் தேட ஆரம்பித்துவிட்டேன். ஒளிர்வதற்குத் துத்தநாக சல்பைடு கலந்த பழைய வகை சீக்கிரம் மங்கிவிடும், ஸ்ட்ரான்ஷியம் அலுமினேட் கலந்தது பல மணி நேரம் தாங்கும், ஆகவே அதுதான் வேண்டும். ஜன்னல் பக்கச் சுவர் இன்னும் முதல் பூச்சோடு நிற்பதைக் கணவர் நினைவுபடுத்துகிறார். கரும்பச்சைக்கு டேப் ஒட்டியாகிவிட்டது. சாயங்காலம் நீலத்தை ஓட்ட வேண்டும்.