கிருஷ்ணகிரியிலிருந்து திப்புவின் கோடை மாளிகைக்கு

சித்திரை வெயிலில் கிருஷ்ணகிரி மலை அடுப்புக்கல்லாகக் காய்ந்து கிடக்கும். பகலெல்லாம் வாங்கிய சூட்டைப் பாறை இரவில் ஊர்மீது இறக்கிவிடுவதால், பழையபேட்டையில் வளர்ந்த எனக்குக் கோடை என்றாலே அந்த வெக்கைதான் நினைவுக்கு வரும். தோப்பில் மாங்காய் இறக்கும் வேலை தொடங்குவதற்கு முன் ஒரு நாள் ஒழிந்தபோது, பெங்களூரில் உள்ள திப்பு சுல்தானின் கோடை மாளிகையைப் பார்க்க அப்பாவும் நானும் விடியற்காலைப் பேருந்தில் புறப்பட்டோம்.

சூளகிரியைத் தாண்டி ஓசூரை நெருங்கும்போதே சன்னல் வழியாக வரும் காற்றில் ஒரு குளிர்ச்சி சேர்ந்துகொண்டது. எங்கள் ஊர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பெங்களூரோ 900 மீட்டருக்கும் மேலே. ஓர் அரசன் கோடையைக் கழிக்க அங்கே மாளிகை கட்டிக்கொண்டதன் காரணத்தை, கீழிருந்து ஏறிப் போகிறவர்களுக்கு உடம்பே சொல்லிவிடும்.

கே.ஆர். மார்க்கெட்டின் பூ வாசனையையும் வாகன இரைச்சலையும் கடந்து சிறிது தூரம் நடந்தால், கோட்டை வெங்கடரமணர் கோயிலை ஒட்டினாற்போல் மாளிகை நிற்கிறது. அரண்மனை என்றதும் மைசூரை மனத்தில் வைத்துக்கொண்டு வருபவர்களுக்கு இது சிறியதாகத் தோன்றலாம். எனக்கு அதன் அளவே பிடித்திருந்தது. இரண்டு தளங்கள், கல் பீடங்களின் மேல் ஊன்றி, மேலே போகப் போக ஒடுங்கும் தேக்குத் தூண்கள், அவற்றை இணைக்கும் இதழ் இதழாக வளைந்த மரத் தோரணங்கள். அடர்ந்த செம்பழுப்பு நிறத்தில் இவை வரிசையாக நிற்கும் கூடத்தில், நண்பகலிலும் தோப்பு நிழல் போன்ற ஒரு மங்கிய ஒளி பரவியிருந்தது. அப்பா ஒரு தூணைத் தொடாமல் அருகில் நின்று நெடுநேரம் அண்ணாந்து பார்த்தார். “ஒரே மரம், கண்ணு. எந்தக் காட்டுல வெட்டி எப்படிக் கொண்டாந்தாங்களோ” என்றார்.

மேல் தளத்தில் கிழக்கும் மேற்கும் நோக்கிய முன்மாடங்கள் இருக்கின்றன. திப்பு அங்கிருந்தே அரசவை நடத்தினார் என்கிறார்கள். நான்கு மூலைகளிலும் உள்ள சிறிய அறைகள் அந்தப்புரமாக இருந்தவை. சுவர்களில் பூவேலை ஓவியங்கள் இன்றும் மிஞ்சியிருக்கின்றன, ஆனால் பல இடங்களில் வண்ணம் உதிர்ந்துவிட்டது. பார்வையாளர்கள் சிலர் தம் பெயர்களைச் சுவரில் கீறி வைத்திருந்ததைக் கண்டபோது மனம் மிகவும் நொந்தது. கீழ்த்தளத்தின் சிறிய காட்சிக்கூடத்தில், ஆங்கிலச் சிப்பாய்மேல் பாய்ந்து நிற்கும் புகழ்பெற்ற புலிப் பொறியின் மாதிரி இருக்கிறது. அசல் பொறி லண்டன் அருங்காட்சியகத்தில் உள்ளது.

இந்த மாளிகையை ஐதர் அலி 1781இல் கட்டத் தொடங்கினார். அடுத்த ஆண்டே அவர் இறந்துவிட, மகன் திப்பு 1791இல் கட்டி முடித்தார். இதற்கு ‘சொர்க்கமும் பொறாமைப்படும் இடம்’ என்று பொருள்படும் பாரசீகப் பெயரை இட்டார்கள். 1791 என்ற எண்ணைப் படித்தபோது நான் அங்கேயே நின்றுவிட்டேன். அதே ஆண்டு மார்ச் 21ஆம் நாள் இரவில்தான் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமை ஆளுநர் காரன்வாலிஸின் படை பெங்களூர்க் கோட்டையின் மதிலை உடைத்து உள்ளே புகுந்தது; கோட்டைத் தலைவர் பகதூர் கான் போரிட்டு மடிந்தார். அந்த ஆண்டு நவம்பரில் கம்பெனிப் படை எங்கள் கிருஷ்ணகிரியையும் தாக்கி, பேட்டையைப் பிடித்தும் மலைக்கோட்டையைப் பிடிக்க முடியாமல் திரும்பியது. போரில் விழாத அந்த மலை, 1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு பாதி நாட்டை விட்டுக்கொடுத்தபோது, எங்கள் வட்டாரத்தின் அன்றைய பெயரான பாராமகாலோடு சேர்ந்து கம்பெனியின் கைக்குப் போனது. சிறு வயதில் நாங்கள் ஏறி விளையாடிய கோட்டைச் சுவரும் இந்தத் தேக்குக் கூடமும் ஒரே கதையின் இரண்டு முனைகள் என்பது அங்கு நின்றபோதுதான் எனக்கு உறைத்தது.

பக்கத்திலுள்ள வெங்கடரமணர் கோயில், மைசூர் மன்னர் சிக்க தேவராஜ உடையார் காலத்தில் கட்டப்பட்டது. மாளிகையைவிட ஏறத்தாழ நூறு ஆண்டு மூத்தது. ஐதரும் திப்புவும் இதன் மணியோசை கேட்கும் தூரத்திலேயே தங்கள் மாளிகையை எழுப்பினார்கள். பெங்களூரை நிறுவிய கெம்பே கௌடர் 1537இல் மண்ணால் எழுப்பி, ஐதர் கல்லால் வலுப்படுத்திய கோட்டையில், டெல்லி வாசலும் சிறிது மதிலும் மட்டுமே எஞ்சியுள்ளன.

பிற்பகலில் லால்பாக் போனோம். ஐதர் 1760இல் தொடங்கிய தோட்டம் அது. திப்பு அயல்நாடுகளிலிருந்து செடிகளை வரவழைத்து அதை வளர்த்தார். கண்ணாடி மாளிகையை நான் ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன். அப்பாவோ பெரிய மாமரங்களின் அடியில் கவாத்து எப்படிச் செய்திருக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தார். கெம்பே கௌடர் பெயரால் அழைக்கப்படும் சிறு கோபுரம் நிற்கும் பாறை, ஏறத்தாழ 300 கோடி ஆண்டுப் பழமையுடையது. அதன்மேல் உட்கார்ந்தபோது எங்கள் ஊர் மலையில் இருப்பது போலவே இருந்தது, சூடு மட்டும் குறைவு.

திரும்பும்போது ஓசூரில் அப்பாவை எழுப்பி, 1792க்குப் பின் ஏழு ஆண்டுகள் இந்த ஊர் திப்புவிடமும் நம் ஊர் கம்பெனியிடமும் இருந்ததைச் சொன்னேன். சூளகிரிக்கு அப்பால் பேருந்து இறங்க இறங்க, சன்னல் காற்று மீண்டும் சுடத் தொடங்கியது. அந்தப் பழைய எல்லை எங்கே இருந்திருக்கும் என்று அப்பா இருட்டில் வெளியே பார்த்துக்கொண்டே வந்தார்.