போரான் குடும்பம்: கேலியத்தில் ஏன் வரிசை குலைகிறது?

தனிம அட்டவணையின் ஒரு தொகுதியில் (செங்குத்து வரிசையில்) கீழே போகப் போக அணு பெரிதாகும் என்று மட்டும் மனப்பாடம் செய்தால் போரான், அலுமினியம், கேலியம், இண்டியம், தாலியம் என்று இறங்கும் 13-ஆம் தொகுதியில் மாட்டிக்கொள்வோம். அலுமினியத்தின் அணு ஆரம் 143 பிகோமீட்டர். அதற்குக் கீழே இருக்கும் கேலியத்துக்கு 135தான். இடையில் வந்து சேர்ந்த பத்து 3டி எலக்ட்ரான்கள் (உள்கூட்டின் ஒரு வகை எலக்ட்ரான்கள்) அணுக்கருவின் ஈர்ப்பைச் சரியாக மறைப்பதில்லை. அதனால் வெளிக்கூடு உள்ளே இழுபடுகிறது.

முதல் அயனியாக்கும் ஆற்றலிலும் (அணுவிலிருந்து முதல் எலக்ட்ரானைப் பிரிக்கத் தேவையான ஆற்றல்) இதே குளறுபடிதான். மோலுக்கு கிலோஜூல் கணக்கில் போரான் 801, அலுமினியம் 577. குறைய வேண்டிய கேலியம் 579. இண்டியம் 558-க்கு இறங்க, தாலியம் 589-க்கு ஏறிவிடும். அங்கே 4எஃப் என்ற இன்னொரு வகை உள்கூட்டு எலக்ட்ரான்களின் மோசமான மறைப்பும் சேர்ந்துகொள்கிறது. அடர்த்தி மட்டும் ஒழுங்காக ஏறும்.

உருகுநிலைதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. பன்னிரண்டு அணுக் கூண்டுகள் சகப்பிணைப்பால் (எலக்ட்ரான்களைப் பகிர்ந்துகொள்ளும் பிணைப்பால்) இறுகிய போரானுக்கு சுமார் 2,076 டிகிரி செல்சியஸ். அலுமினியம் 660, இண்டியம் 157, தாலியம் 304. கேலியமோ 29.76! உள்ளங்கையில் வைத்தாலே விளிம்பு மழுங்கி, பளபளவென்று வழியத் தொடங்கும். திடநிலையில் ஒவ்வொரு அணுவும் ஒரே ஓர் அண்டை அணுவோடு மட்டும் நெருங்கி, ஜோடி போல நிற்பதே இதற்குக் காரணம் என்பார்கள். ஆனால் கொதிநிலை 2,000 டிகிரிக்கு மேல்.

உறையும்போது கேலியம் சுமார் 3 சதவீதம் விரியும். கண்ணாடிக் குப்பியில் வைத்தால் விரிசல் விடும். பிளாஸ்டிக் குப்பியில், மேலே கொஞ்சம் இடம் விட்டு வையுங்கள். அலுமினியப் பாத்திரம் கூடவே கூடாது: உருகிய கேலியம் அதன் சிறு படிகங்கள் ஒன்றோடொன்று சேரும் எல்லைகளில் ஊடுருவி, உலோகத்தை நொறுங்கவைத்துவிடும்.