அடைப்பு எங்கே?

மத்தியான மழையில் சிங்கப்பூர் சிராங்கூன் கார்டன் பக்கம் ஒரு தரைவீடு. கூரை வடிகால் பொங்கி வழியுது. இறங்குற பைப்பில் தண்ணி நூல் மாதிரி.

அப்படின்னா அடைப்பு பைப் வாயிலோ பைப்புக்குள்ளயோதான்.

எடுத்ததும் ஹோஸ் அடிக்காதீங்க. இலையெல்லாம் எல்போவுக்குள்ள, அதாவது பைப் வளைவுக்குள்ள, போய் இறுகிடும். முதல்ல கையால அள்ளணும். வடிகால் மேல வலை போட்டாச்சுன்னு நிம்மதியா இருக்கவும் முடியாது, தூங்குமூஞ்சி மரத்து இலை அவ்வளவு பொடிசு.

அப்புறம் பைப்புக்கு எதிர்முனையில ஒரு வாளித் தண்ணி ஊத்திப் பாருங்க. வடிஞ்ச பிறகும் எங்கயாவது தேங்கி நின்னா, அங்க பெரும்பாலும் வடிகாலைத் தாங்குற பிராக்கெட் தளர்ந்து வாட்டம் (சரிவு) போயிருக்கு. அந்தத் தண்ணியில, டெங்கு பரப்புற ஏடிஸ் கொசுவுக்கு முட்டையிலிருந்து பறக்க ஒரு வாரம் போதும்.

வாட்டம் சரிபண்ற வரைக்கும் தேங்குற இடத்துல பிடிஐ (கொசுப்புழுவைக் கொல்ற பாக்டீரியா) மருந்து போடுங்க.

டிசம்பர் பருவமழைக்கு முன்னாடியே, காலை வெயில்ல சுத்தம் பண்ண ஏறுங்க. ஏணியைக் கீழே ஒருத்தர் பிடிச்சுக்கணும்.