15 கிலோவுக்குள் ஒரு ஜோடி ஸ்கீ: காட்பாடியிலிருந்து குல்மார்க்

மலிவுக் கட்டண விமானங்களில் உள்நாட்டுப் பயணிக்குப் பெரும்பாலும் 15 கிலோ செக்-இன், 7 கிலோ கேபின் என்றுதான் கணக்கு. அந்த 15 கிலோவையும் ஒரே பையில் கொண்டுவரச் சொல்லும் நிறுவனங்கள் உண்டு. இரண்டாவது பை வைத்தால், அது எவ்வளவு லேசாக இருந்தாலும் தனிக் கட்டணம். பனிச்சறுக்குச் சாமானை வைத்துக்கொண்டு இந்த விதியைப் படித்தால் தலை சுற்றும்.

வேலூர்க்காரனுக்கு ஸ்கீ எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். என் மாமா பையன் சில வருடம் ஆஸ்திரியாவில் வேலை பார்த்தான். ஊருக்குத் திரும்பும்போது கொண்டுவந்ததைக் காட்பாடி வீட்டுப் பரணில் போட்டுவிட்டான். காஷ்மீரின் குல்மார்க்கில் மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் கீழ் பனிச்சறுக்குப் பயிற்சி நிறுவனம் ஒன்று இருக்கிறது. நான் அடிப்படை கற்றது அங்கேதான். பயிற்சிக்குச் சாமானும் அவர்களே கொடுத்தார்கள். இந்த முறை சொந்தமாகப் போகிறேன் என்றதும், "எடுத்துக்கிட்டுப் போயேன், சும்மாதானே கிடக்குது" என்றான். அவனுக்கும் எனக்கும் கால் அளவு ஒன்று.

முதலில் எல்லாவற்றையும் பழைய பேப்பர் கடைத் தராசில் வைத்துப் பார்த்தேன். பூட்ஸை ஸ்கீயோடு பிடித்துவைக்கும் பைண்டிங்கோடு ஸ்கீ 5.7 கிலோ. கையில் ஊன்றும் கோல்கள், அதாவது போல்கள், இரண்டும் சேர்ந்து அரைக் கிலோ. பூட்ஸ் 3.9. ஹெல்மெட் அரைக் கிலோ. பயமுறுத்தும் அளவுக்கு எடை இல்லை. சிக்கல் நீளத்தில்தான். செக்-இன் பைக்கு நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 158 செ.மீ.க்குள் இருக்கவேண்டும் என்று பல நிறுவனங்கள் விதி வைத்திருக்கின்றன. என் ஸ்கீ நீளம் மட்டுமே 163.

ஆகவே டிக்கெட் எடுப்பதற்கு முன்பே விமான நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். இரண்டே கேள்விகள். ஸ்கீ பையை விளையாட்டுச் சாமானாக ஏற்பீர்களா, அதற்கு எவ்வளவு? அதே பைக்குள் துணிமணியும் வைக்கலாமா? போனில் கேட்டால் ஆளுக்கு ஒரு பதில் வரும் என்பதால் எழுத்தில் கேட்டேன். முன்கூட்டியே கட்டணம் செலுத்தினால் நீளம் பிரச்சினை இல்லை, மொத்தம் 15 கிலோ தாண்டக்கூடாது, துணி இருக்கலாம் என்று பதில் வந்தது. அதை அச்செடுத்து வைத்துக்கொண்டேன். சில நிறுவனங்கள் ஸ்கீ பையில் ஸ்கீயும் போல்களும் தவிர வேறெதையும் அனுமதிப்பதில்லை. உங்கள் நிறுவனம் எப்படி என்று கேட்காமல் துணியைத் திணிக்காதீர்கள்.

அடுத்தது பை. சக்கரம் வைத்த ஸ்கீ பைகள் காலியாகவே மூன்று கிலோவுக்கு மேல் வரும். 15 கிலோவில் மூன்றை வெறும் பைக்கே கொடுக்க மனம் வரவில்லை. லாங் பஜார் பக்கம் பை தைக்கும் பாயிடம் ஸ்கீயையே தூக்கிக்கொண்டு போனேன்.

"இன்னா தம்பி இது, துடுப்பா?"

"பனியில வழுக்கிட்டுப் போறது பாய்."

"இந்த வெயில்லயா?" என்று சிரித்தவர், ஜிப் நீளவாக்கில் முழுக்க வரவேண்டும், கைப்பிடி நடுவில் இருந்தால்தான் தூக்கும்போது ஒரு பக்கம் சாயாது என்று அவராகவே சொன்னார். லேசான தார்ப்பாய்த் துணியில் 900 கிராமில் பை தயார். ஆம்பூரில் ஷூ கம்பெனியில் வேலை செய்யும் நண்பன், உள்ளங்காலுக்கு வைக்கும் ஃபோம் ஷீட்டில் வெட்டி மிஞ்சியதைக் கொடுத்தான். ஸ்கீயின் மூக்குக்கும் வாலுக்கும் அதைச் சுற்றினேன். காசு கொடுத்து வாங்கியிருந்தாலும் இவ்வளவு கச்சிதமாக அமைந்திருக்காது. தோல் தொழில் ஊர்ப்பக்கம் இருப்பதில் இப்படியும் ஒரு லாபம்.

கட்டும் முறை இதுதான். இரண்டு ஸ்கீயின் அடிப்பக்கத்தையும் ஒன்றோடொன்று சேர்த்து, மூக்குப் பக்கமும் வால் பக்கமும் வெல்க்ரோ பட்டை போட வேண்டும். பைண்டிங்கின் பிரேக் கம்பிகள் ஒன்றில் ஒன்று மாட்டிக்கொள்ளும், அப்புறம் நழுவாது. ஓரத்து இரும்பு விளிம்பு கூராக இருக்கும், துணியைக் கிழிக்கும். அதன்மேல் பழைய வேட்டியைச் சுற்றிவிட்டுத்தான் மற்றத் துணிகளை அடுக்கினேன். ஸ்கீ, போல், பை சேர்ந்து 7.1 கிலோ. மிச்சத்தில் தெர்மல், கம்பளி, பேன்ட் எல்லாம் அடங்கின. ஸ்க்ரூடிரைவர், விளிம்பைத் தீட்டும் அரம் இரண்டும் இதற்குள்தான் போகவேண்டும், கேபினில் விடமாட்டார்கள். போல்களும் அப்படித்தான். பவர் பேங்க் மட்டும் தலைகீழ், அது கேபினில்தான் வரவேண்டும்.

பூட்ஸை நான் செக்-இன் செய்யவில்லை. பை தொலைந்தால் குல்மார்க்கில் ஸ்கீ வாடகைக்குக் கிடைத்துவிடும். காலுக்குப் பொருந்திய பூட்ஸ் கிடைப்பது அதிர்ஷ்டம். என்னைப் போல் அகலப் பாதக்காரர்களுக்கு இது புரியும். பூட்ஸுக்குள் சாக்ஸும் கையுறையும், ஹெல்மெட்டுக்குள் கண்ணாடியும் வைத்து, முதுகுப் பை மொத்தம் 6.7 கிலோ. ஸ்கீ ஜாக்கெட்டை எந்தப் பையிலும் வைக்கவில்லை. கையில் ஒரு ஓவர்கோட் வைத்துக்கொள்வதைப் பொதுவாக 7 கிலோவில் சேர்ப்பதில்லை. அதன் பாக்கெட்டுகளில் சார்ஜர், மருந்து, முகத்தையும் மூடும் பாலக்லாவா தொப்பி.

கூடுதல் லக்கேஜ் கட்டணம் முதன்முதலில் எங்கே கட்டினேன் தெரியுமா? வேலூரிலிருந்து பூந்தமல்லி வந்த பஸ்ஸில். கண்டக்டர் பையை மேலும் கீழும் பார்த்துவிட்டு லக்கேஜ் டிக்கெட் கிழித்தார்.

மீனம்பாக்கத்தில் கவுன்டரில் இருந்த பெண் முதலில் நீளம் அதிகம் என்றுதான் சொன்னார். மின்னஞ்சல் அச்சைக் காட்டினேன். மேலதிகாரியிடம் கேட்டுவந்து, டேக் ஒட்டி, பெரிய சாமான்களுக்கான தனி எக்ஸ்ரேவுக்கு அனுப்பினார். அதற்கு ஒரு அரை மணி கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். டெல்லி வழியாக ஸ்ரீநகர் வரை ஒரே டிக்கெட்டாக எடுத்திருந்ததால் டெல்லியில் பையைத் தொடவேண்டியிருக்கவில்லை. தனித்தனி டிக்கெட் என்றால் கட்டணமும் ஒவ்வொன்றுக்கும் தனி. பாதுகாப்புச் சோதனையில் பூட்ஸை வெளியே எடுக்கச் சொல்வார்கள், பையில் மேலாக வையுங்கள்.

இவ்வளவும் செய்து ஸ்கீயைக் கொண்டுபோவது லாபமா? ஒரு வாரத்துக்குள் திரும்புவதாக இருந்தால் இல்லை என்பேன். விளையாட்டுச் சாமான் கட்டணம் போக வர இரண்டு தடவை. அந்தக் காசில் அங்கே சில நாள் வாடகைக்கு எடுக்கலாம். பூட்ஸ் மட்டும் சொந்தமாக இருந்தால் போதும். பூட்ஸ் குதிகால் பக்கம் மில்லிமீட்டரில் ஒரு எண் பொறித்திருக்கும். கடைக்காரர் அதைப் பார்த்து பைண்டிங்கைச் சரிசெய்வார். அடிப்பாகம் வளைந்த புது வகை பூட்ஸாக இருந்தால், பழைய பைண்டிங்கில் சேருமா என்று முதலில் கேட்டுவிடுங்கள்.

திரும்பும்போது எடை கூடும், இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. பூட்ஸின் உள் லைனர் ஈரத்தைக் குடித்துவிடுகிறது. கடைசி நாள் மதியமே லைனரை உருவி, விடுதியின் புகாரி அடுப்புக்குக் கொஞ்சம் தள்ளி வைத்து இரவு முழுக்கக் காயவிட்டேன். ஸ்ரீநகர் விமான நிலையத்தில் வாசலுக்கு வெகுமுன்பே வண்டியை நிறுத்தி எல்லாச் சாமானையும் இறக்கி ஸ்கேன் செய்கிறார்கள். உள்ளே மறுபடியும் சோதனை. நீளப் பையை ஜீப் கூரையிலிருந்து அவிழ்த்து, ஏற்றி, திரும்பக் கட்ட நேரம் பிடிக்கும். விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்பே அங்கே இருந்தேன், சரியாக இருந்தது. கவுன்டரில் பை 15.6 காட்டியது. ஒரு கம்பளி ஸ்வெட்டரையும் தெர்மலையும் உருவி அங்கேயே மாட்டிக்கொண்டேன், 14.8 ஆனது. சென்னையில் இறங்கியதும் முதல் வேலையாக அதைக் கழற்றினேன்.