ஆறு பத்து

ஜூலை 2
இன்றும் காலை 6:10. பக்கத்து ஊர் பால் சொசைட்டி செக்ரட்டரி சேட்டன் போன் செய்தார், "இன்னிக்கும் நின்னு போச்சு மோனே." தராசு எடை காட்டுகிறது, பாலின் ஃபேட் (கொழுப்பு) அளவு வந்துவிட்டது, ஸ்லிப் மட்டும் வரவில்லை. நாற்பது பேர் கேனோடு நிற்கிறார்கள். சர்வரை நிறுத்தி மறுபடி ஓடவிட்டேன், சரியாகிவிட்டது. எதனால் நின்றது என்று தெரியாமல் சரியானால் எனக்குத் தூக்கம் வராது.

ஜூலை 3
லாக்கில், அதாவது சர்வர் தான் செய்வதை எழுதிவைக்கும் ஃபைலில், "பதிவு ஆரம்பம்" இருக்கிறது. "முடிந்தது" இல்லை. நடுவில் ஒரு வரிகூடக் கிடையாது.
அப்பா ராத்திரி முழுக்க இருமினார்.

ஜூலை 4
டேட்டாபேஸ் லாக்கில் 6:10-ஐ ஒரு மணி நேரம் தேடினேன். அந்த மெஷின் யூடிசி என்னும் உலகப் பொது நேரத்தில் எழுதுகிறது, நம்முடையது ஐந்தரை மணி நேரம் முன்னால். நான் பார்க்க வேண்டியது 00:40.

ஜூலை 5
ட்ரேஸைத் திறந்துவிட்டேன். ஒவ்வொரு ஃபங்ஷனும் உள்ளே போவது, வெளியே வருவது எல்லாம் ஃபைலுக்குப் போகிறது. மூன்று மணி நேரத்தில் 11 ஜிபி. டிஸ்க் நிறைந்துவிடுமோ என்று பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். 6:10 கடந்தது. 6:20. எதுவும் நிற்கவில்லை.

ஜூலை 6
இன்றும் நிற்கவில்லை.

ஜூலை 7
ட்ரேஸை மூடினேன். 6:10-க்கு நின்றது.
ஒவ்வொரு வரியையும் ஃபைலில் எழுத த்ரெட், அதாவது சர்வருக்குள் ஒரே சமயத்தில் ஓடும் வேலைகளில் ஒன்று, ஒரு கணம் நிற்கிறது. அந்தத் துளித் தாமதத்தில், மோதிக்கொள்ள வேண்டிய இரண்டு வேலைகளும் மோதாமல் விலகிப் போய்விடுகின்றன. அதனால் இனி ஃபைலே வேண்டாம். மெமரியில் கடைசி 5000 வரிகள் மட்டும், பழையதன் மேலேயே புதியது எழுதிக்கொண்டு போகட்டும். ஒரு ஸ்லிப் இருபது விநாடியில் முடியாவிட்டால் மட்டும் மொத்தத்தையும் ஃபைலில் கொட்டச் சொன்னேன். வரியிலும் வாக்கியம் இல்லை, எண்கள்தான்: நேரம், த்ரெட், ஸ்லிப், இடம். ஸ்லிப் எண் இல்லையென்றால் நாற்பது பேருடைய வரிகளும் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும்.

நேற்று ராத்திரி ரெண்டு மணிக்கு அம்மா பார்த்தபோது அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். நாலு மணிக்கு மாடு கத்தியது, எழுந்து பார்த்தால் திண்ணையில் கிடக்கிறார். நடுவில் என்ன நடந்தது என்று கேட்டால் பேச்சை மாற்றுகிறார்.

ஜூலை 8
கணவாய்க் காற்று. பனை ஓலை இரவெல்லாம் உரசுகிறது. கொழிஞ்சாம்பாறையில் மூன்று முறை கரண்ட் போனது.

ஜூலை 9
கிடைத்துவிட்டது. பூட்டு என்பது, ஒரு வேலை ஒரு தகவலைத் தொடும்போது வேறு வேலை அதைத் தொடாமல் தடுப்பது.
த்ரெட் 14: உறுப்பினர் பூட்டு கையில். விலைப்பட்டியல் பூட்டுக்குக் காத்திருக்கிறது.
த்ரெட் 3: விலைப்பட்டியல் பூட்டு கையில். உறுப்பினர் பூட்டுக்குக் காத்திருக்கிறது.
அதன்பின் இரண்டிலிருந்தும் ஒரு வரிகூட இல்லை. ஒன்று விடட்டும் என்று மற்றது காத்திருக்கிறது. 14 ஸ்லிப் போடும் வேலை, 3 என்பது பத்து நிமிடத்துக்கு ஒருமுறை விலையைப் புதுப்பிக்கும் வேலை. 5:50-க்கும் ஓடுகிறது, 6:00-க்கும் ஓடுகிறது. அப்போது வரிசை இல்லை. 6:10-க்குத்தான் எல்லோரும் பாலோடு வந்து சேர்கிறார்கள். இந்த ப்ரோக்ராமை எழுதியது நான்தான், இரண்டு வருடம் முன்பு. அந்த நாற்பது பேர் வெயிலேறும் வரை நின்றது என்னால்.

ஜூலை 10
இரண்டு வேலையும் உறுப்பினர் பூட்டை முதலில் எடுத்து, பிறகே விலைப்பட்டியலைத் தொடும்படி மாற்றினேன். ராத்திரி ஒன்பதுக்கு ஏற்றியாச்சு.
அப்பாவிடம் மறுபடி கேட்டேன். "தண்ணி குடிக்கப் போனேன்" என்றார். திண்ணையில் சொம்பு இல்லை. தண்ணிப்பானை அடுப்படியில் இருக்கிறது, திண்ணை எதிர்ப்பக்கம்.

ஜூலை 11
6:10 தாண்டியது. 6:20. சேட்டன் போன் வரவில்லை, நானே கூப்பிட்டேன். "எல்லாருக்கும் ஸ்லிப் கொடுத்தாச்சு" என்றார். மெமரி ட்ரேஸை எடுக்கவில்லை, இருக்கட்டும்.

ஜூலை 12
மூன்றே காலுக்கு அப்பா எழுந்து கதவைத் திறந்தார். நான் விழித்துத்தான் இருந்தேன். கூப்பிடவில்லை, பின்னாலேயே போனேன்.